சுற்றாமல் போனவன்

முல்லைத்தீவில் எங்கள் மீனவர் சங்கக் கட்டடத்தில் போன மாதம் ஒரு சிறு கூட்டம் நடந்தது. கடலில் தான் நிற்கிற இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். பெட்டிகளைப் படகுக்காரருக்குக் கொடுத்தார்கள். பேச்சுக்கு ஆள் குறைந்தால் ஓய்வுபெற்ற விமானியைக் கூப்பிட்டு முன் கதிரையில் இருத்துவது இங்கே வழக்கமாகிவிட்டது. நானும் போய் இருந்தேன். இளம் படகோட்டி ஒருவர் எழும்பி, "ஐயா, இந்தப் பெட்டி இல்லாத காலத்தில மேல நிண்டு என்னெண்டு வழி பிடிச்சனீங்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்லத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், சோடாப் போத்தல்கள் வந்துவிட்டன. வெயில் நேரத்தில் சோடாவோடு போட்டி போட எந்தப் பேச்சாளனாலும் முடியாது. ஆகையால் மிச்சத்தை எழுதுகிறேன்.

எழுத முன் ஒன்று. வன்னியில் ஒருவன் "நான் ஜெட் விமானம் ஓட்டினவன்" என்று சொன்னால் கேட்கிறவர் மனதில் முதலில் என்ன கேள்வி எழும் என்று எனக்குத் தெரியும். சிலர் நேரே கேட்பார்கள், சிலர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். இரு பகுதியாருக்கும் பதில் ஒன்றுதான். நான் எவர் தலையிலும் குண்டு போடவில்லை. போர் தொடங்குவதற்கு முன்பே விலகி வந்துவிட்டேன். நம்புகிறவர் நம்பட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். கரைவலையும் படகுமாக வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. அப்பா நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணை அருளப்பு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்கு இறங்கியதால்தான் நான் படிக்க முடிந்தது. கணிதம் ஓடியது, கண் நல்ல கண், பல்லும் சொத்தை இல்லை. விமானப்படைக்கு அதுவே போதுமாயிருந்தது. நேர்முகத்தில் ஏன் பறக்க ஆசை என்று கேட்டார்கள். கடலில் அலை அதிகம், எனக்குத் தலைசுற்றிச் சத்தி வரும் என்றேன். சிரித்துவிட்டு எடுத்தார்கள்.

அணிவகுப்பு, சப்பாத்துத் துடைப்பு, வகுப்பு, காற்றாடி விமானத்தில் முதற்பயிற்சி எல்லாவற்றையும் இங்கே தாண்டிவிடுகிறேன். அவை எல்லோருக்கும் ஒரேமாதிரித்தான். ஜெட் வேறு. காற்றாடி விமானத்தில் விசைப்பிடியைத் தள்ளினால் உடனே இழுக்கும். அந்தக் காலத்து ஜெட்டில் தள்ளிவிட்டுக் காத்திருக்கவேண்டும். சேற்றில் படுத்த எருமை எழும்புகிற மாதிரி, முதலில் முனகும், பிறகு மெல்ல அசையும், பிறகு ஓடத் தொடங்கினால் பிடிக்க இயலாது. தேவை வந்த பிறகு விசையைக் கேட்பவன் ஓடுபாதைக்கு முன்னாலுள்ள பற்றைக்குள்தான் இறங்குவான். ஒரு நிமிடம் முந்தி யோசிக்கப் பழகாதவனுக்கு அந்த எந்திரத்தில் இடமில்லை.

எங்களுக்குத் திருகோணமலையில் பயிற்சி தந்தவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். பெயர் வேண்டாம். நாங்கள் எங்களுக்குள் அவரை மணிக்கூட்டார் என்போம். குள்ளமான மனிதர். கோபம் வந்தால் சத்தம் ஏறாது, இன்னும் இறங்கும். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார், இங்கே தமிழில் தருகிறேன். பயிற்சி ஜெட்டில் மாணவனும் பயிற்றுநரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். நாங்கள் பிழை விட்டால் அவர் ஏசமாட்டார். எங்கள் தொடையில் இருக்கும் வரைபடத்தை எடுத்து, அழகாக மடித்து, தன் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் இருந்துகொள்வார். பிறகு மூன்று கேள்வி. நேரம் என்ன? திசை என்ன? எரிபொருள் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் நாலாவது கேள்வி: நாங்கள் எங்கே?

பறப்புக்கு முதல்நாள் பின்னேரம் வரைபடத்தை மேசையில் விரித்து மெழுகுப் பென்சிலால் வழியைக் கோடு போடவேண்டும். கோட்டின் மேல் ஒவ்வொரு இரண்டு நிமிடப் பறப்புக்கும் ஒரு சிறு குறுக்குக் கோடு. பிறகு காற்றுக் கணக்கு. பக்கத்துக் காற்று விமானத்தை எவ்வளவு தள்ளும், அதற்கு மூக்கை எவ்வளவு திருப்பிப் பிடிக்கவேண்டும் என்று பார்த்து ஓரத்தில் எழுதவேண்டும். கடைசியில் வரைபடத்தை நீளப் பட்டியாக மடிக்கவேண்டும். மடிப்பு கோட்டின் மேல் விழக்கூடாது. விழுந்தால் மணிக்கூட்டார் முழுவதையும் விரித்து மறுபடி மடிக்கச் சொல்லுவார். நீ ஒரு மடிப்பைப் புரட்டுகிற நேரத்தில் ஜெட் ஒரு ஊரைத் தாண்டிவிடும் என்பார். அவர் சொன்னவற்றில் எனக்கு இன்றும் மனப்பாடமாக இருப்பது இது: முதலில் மணிக்கூட்டைப் பார், அது காட்டும் இடத்தை வரைபடத்தில் பார், அதற்குப் பிறகு நிலத்தைப் பார். தலைகீழாகப் பார்க்கிறவன் தான் காண விரும்புகிற ஊரைத்தான் காண்பான்.

நான் தலைகீழாகத்தான் பார்த்தேன். அதுவும் என் சொந்த மண்ணுக்கு மேலே.

அன்றைய வழி திருகோணமலையிலிருந்து வடமேற்கே இரணைமடுக் குளம், அங்கே திரும்பித் தெற்கே ஏ-9 வீதியோடு வவுனியா, பிறகு வீடு. பட்டியலில் இதைக் கண்டதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. மற்றப் பெடியள் காலியையும் மாத்தறையையும் தேடி அலைய, எனக்கு வன்னி. இந்தக் குளங்களுக்கெல்லாம் சைக்கிளில் போய் வந்தவன் நான். வரைபடமே தேவையில்லை என்று சக மாணவர்களிடம் சொல்லியும் விட்டேன்.

கோடை முடிகிற காலம், புகைமூட்டம் வேறு. காட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது முன்னாலே வெள்ளித்தகடு மாதிரி ஒரு பெருந்தண்ணீர், அதற்கு நீளமான அணைக்கட்டு. "இரணைமடு சேர்" என்று சொல்லி, தெற்கே திருப்பினேன். திரும்பிய பிறகுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். கணக்கை விட மூன்று நிமிடம் முந்தி வந்திருந்தோம். வால்காற்று என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். மனிதனுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்?

ஏ-9 வீதி வரவேண்டும், வரவில்லை. தண்டவாளம் வரவேண்டும், அதுவும் இல்லை. புளியங்குளம் சந்தி வரவேண்டிய நேரத்தில் கீழே காடு, காட்டுக்குப் பின்னால் இன்னும் காடு. நன்றாகப் பார்க்கலாம் என்று மூக்கைத் தாழ்த்திக் கீழே இறங்கினேன். வலப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் வரைபடத்தை எடுத்தது. மடித்தது. தொடைக்கடியில் போனது.

நேரம் சொன்னேன். திசை சொன்னேன். எரிபொருள் முள் நான் நினைத்ததை விடக் கீழே நின்றது. ஜெட் எந்திரம் தாழப் பறந்தால் குடிக்கும், உயரப் பறந்தால் சிக்கனம் பிடிக்கும். வழி தவறினால் ஏறவேண்டும். ஏறினால் எரிபொருளும் மிஞ்சும், கண்ணுக்கும் நாடு விரியும். ஆனால் வழி தவறிய மனிதனுக்கு இறங்கிப் பார்க்கத்தான் மனம் வரும். ஏறினேன். பத்தாயிரம் அடியில் வலப்பக்கம் தூரத்தில், கோவணத் துண்டு மாதிரி, ஏ-9 கிடந்தது. நான் இரணைமடு என்று திரும்பியது முத்தையன்கட்டுக் குளத்தில். அந்த வருடம் அதில் தண்ணீர் நின்றது. இரணைமடுவோ வற்றி, பாதிக் குளம் மாடு மேயும் தரவையாகக் கிடந்தது. வரைபடத்தில் எல்லாக் குளமும் எப்போதும் நிறைகுளம்தான். தன்னூருக்கு ஆனை அயலூருக்குப் பூனை என்பார்கள். நான் என் ஊருக்கு மேலேயே பூனையானேன்.

இறங்கிய பிறகு மணிக்கூட்டார் வரைபடத்தைத் திருப்பித் தந்தார். நீ குளத்தைப் பார்க்கவில்லை, உன் ஊரைப் பார்த்தாய் என்று மட்டும் சொன்னார். அந்தக் கிழமை முழுவதும் மற்றவர்கள் என்னைக் கண்டால் சைக்கிள் மணி மாதிரிச் சத்தம் போட்டார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். ஆனால் இனி ஒருநாளும் நிலத்தை முதலில் பார்ப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து, அது அங்கே உதவியது. பயிற்சி முடிந்து நெஞ்சில் இறக்கைச் சின்னம் குத்தியபோது வழிகாட்டல் பாடத்தில் எங்கள் தொகுதிக்கு நான்தான் முதல்.

இறக்கை கிடைத்த கையோடு ஒரு சின்னக் குற்றமும் செய்தேன். தனியாகப் பறந்த ஒருநாள் வழியில் எங்கள் ஊர் வந்தது. கோயிலுக்கும் கடலுக்கும் மேலே ஒரு சுற்று, ஒன்றே ஒன்று, சுற்றிவிட்டுப் போனேன். ஊர் முழுக்கக் கரைக்கு ஓடிவந்ததாம். அம்மா கையில் அகப்பையோடு நின்றாவாம். மணிக்கூட்டாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அம்மாவுக்குக் கைகாட்டிய எரிபொருளைக் கணக்கில் கழித்தாயா என்று கேட்டார், அவ்வளவுதான். அண்ணைக்கோ அது பெரிய பெருமை. அதற்குப் பிறகு கடலில் எங்கே ஜெட் சத்தம் கேட்டாலும் தலையை நிமிர்த்தி, "எங்கட தம்பியெண்டால் ஒரு சுத்துச் சுத்துவான்" என்று கூட்டாளிகளுக்குச் சொல்லுவாராம்.

அடுத்த வருடம், கச்சான் காற்று வீசுகிற காலம். கச்சான் மேற்கிலிருந்து வருகிற காற்று. எங்கள் பக்கத்தில் அது கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். கரையோரம் தண்ணீர் குளம் மாதிரி இருக்கும், பார்க்கிறவர் பயப்படமாட்டார். ஆனால் எந்திரம் நின்றுபோன படகை அது மெல்ல மெல்ல வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும். விடிகாலை போன அண்ணையின் படகு மத்தியானமும் வரவில்லை, இரவும் வரவில்லை. மற்றப் படகுகள் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பின. மறுநாள் விடிய எங்கள் பங்குச் சுவாமி தபாற்கந்தோரிலிருந்து எங்கள் விமானப்படை முகாமுக்குத் தொலைபேசி எடுத்தார்.

படகில் அண்ணையோடு இருந்தது இராமையா. மலையகத்தில் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். அங்கே பட்டினி தாங்காமல் வன்னிக்கு இறங்கி வந்தவர். முதலில் காடு வெட்டப் போனார், பிறகு கரைவலை இழுக்கச் சேர்ந்தார், அந்தப் பருவத்தில்தான் அண்ணை அவரைப் படகில் ஏற்றத் தொடங்கியிருந்தார். இராமையாவுக்கு நீந்தத் தெரியாது.

தேடுதலுக்கு ஏற்ற மெதுவான விமானம் திருத்தவேலைக்காகக் கழற்றிப் போடப்பட்டிருந்தது. இருந்தவை இரண்டு பயிற்சி ஜெட்டுகள். ஒன்றை மணிக்கூட்டார் எடுப்பதென்று முடிவானது. மற்றதற்கு நான் பெயர் கொடுத்தேன். சொந்தக்காரனைத் தேடுதலுக்கு அனுப்பக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். மணிக்கூட்டார் என்னைத் தனியே கூப்பிட்டார். நீ தண்ணீரைப் பார்ப்பாயா, உன் அண்ணனைப் பார்ப்பாயா என்று கேட்டார்.

"மணிக்கூட்டைப் பார்ப்பேன் சேர்" என்றேன்.

அவர் தன் மேசையிலிருந்த வரைபடத்தைப் பாதியாகப் பிரித்து, வடக்குப் பாதி தனக்கு, தெற்குப் பாதி எனக்கு என்றார். அனுப்ப முதல் ஒன்று சொன்னார். கண்டேன் என்று வந்து சொல்லாதே, அது எனக்குப் பிரயோசனமில்லை. எங்கே என்று சொல்.

கடலில் தேடுவது நிலத்தில் தேடுவது போலல்ல. அடையாளம் வைக்க ஒரு மரம்கூட இல்லை. நாயாற்று முகத்துவாரத்தில் தொடங்கி, கணக்கிட்ட தூரம் கிழக்கே போய், அங்கே கரைக்குச் சமாந்தரமாக வடக்கே ஒரு கோடு, திரும்பித் தெற்கே ஒரு கோடு, நிலம் உழுகிற மாதிரி. ஒவ்வொரு கோடும் மணிக்கூட்டால் அளந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று கொஞ்சம் தள்ளும், கை கொஞ்சம் பிழைக்கும். பத்துத் திருப்பத்துக்குப் பிறகு நான் நிற்பதாக வரைபடம் சொல்லும் இடத்துக்கும் உண்மையில் நிற்கும் இடத்துக்கும் சில மைல் வித்தியாசம் வந்துவிடும். விமானத்துக்கு அது பெரிய காரியமில்லை. தேடி வருகிற கப்பலின் தளத்தில் நிற்பவனுக்கு அந்தச் சில மைல் ஒரு உலகம். சின்னப் படகு அவன் கண்ணுக்குப் படவே படாது.

வெயில் ஏற ஏறக் கடல் பளபளத்தது. வெள்ளை நுரை எல்லாம் படகாகத் தெரிந்தது. ஒருமுறை மிதந்துவந்த மரக்கட்டை ஒன்றைப் படகென்றே நம்பி நேரத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டேன். எரிபொருளில் திரும்பும் அளவை வரைபட ஓரத்தில் எழுதி வட்டம் போட்டிருந்தேன். முள் அந்த அளவுக்குக் கிட்ட வந்தபோது இன்னும் ஒரு கோடு மிச்சம் இருந்தது. அதைப் பாதி ஓடலாம் என்று துணிந்தேன்.

அந்தப் பாதியில்தான் கண்டேன். முதலில் ஒரு சிவப்பு. துடுப்பில் கொடி மாதிரிக் கட்டிய சாரத்துணி. பிறகு படகு, பெருநாளுக்காகப் பூசிய நீல நிறம். ஒருவர் எழும்பி நின்று சாரத்தை ஆட்டினார். மற்றவர் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கினார். முகம் தெரிந்தது என்று சொன்னால் பொய். அந்த வேகத்தில் முகம் தெரியாது. ஆனால் அது எங்கள் படகு.

வானொலியில் கூப்பிட்டேன். அந்தத் தாழ்வில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

எரிபொருளில் மிச்சம் இருந்தது ஒரு காரியத்துக்கு மட்டும். படகுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, கண்டுவிட்டேன் என்று அவர்களுக்குக் காட்டலாம். அல்லது படகின் நேர்மேலே மணிக்கூட்டின் பொத்தானை அழுத்தி நேரத்தை எண்ணத் தொடங்கி, மேற்கே ஒரே திசையில், ஒரே வேகத்தில், கரை வரும்வரை நேர்கோடாகப் போகலாம். கரையில் எந்த இடத்தில் வந்து சேர்கிறேனோ அந்த இடத்திலிருந்து அதே கோட்டைப் பின்னுக்கு இழுத்தால் படகு நின்ற இடம் அப்படியே கிடைக்கும். பத்துத் திருப்பத்தின் பிழை எல்லாம் அதில் அடிபட்டுப் போகும். சுற்றினால் அந்தக் கோடு இல்லை. ஜெட் சுற்றுகிற சுற்று மைல்கணக்கில் விரியும். வெயில் பளபளப்பில் கண்ணை ஒருமுறை எடுத்தால் அந்தப் படகை மறுபடி காண்பேன் என்று எவன் உத்தரவாதம் தருவான்? கண்டாலும், கோடு போட எரிபொருள் இராது.

இதை எழுத இவ்வளவு நேரம் எடுக்கிறது. அங்கே எடுத்தது ஒரு மூச்சு. அண்ணை மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார், எங்கட தம்பியெண்டால் சுற்றுவான் என்று நினைக்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். படகு மூக்கின் கீழே மறைந்த கணத்தில் மணிக்கூட்டை அழுத்தினேன். மேற்கே திருப்பினேன். இறக்கையைக்கூட ஆட்டவில்லை, ஆட்டினால் திசைகாட்டி முள்ளும் ஆடும், அது அடங்கும்வரை எந்தத் திசையில் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வாய்விட்டு அழுதேன். கை மட்டும் ஆடாமல் பார்த்துக்கொண்டேன்.

கச்சான் காற்றுக்கு எதிரே ஒன்பது நிமிடமும் சில செக்கன்களும். முன்னாலே வெள்ளைக் கோடாகக் கரை எழும்பியது. முதலில் மணிக்கூட்டைப் பார்த்தேன், பிறகு வரைபடத்தை, அதற்குப் பிறகு நிலத்தை. நாயாற்று முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, மணல்மேடு உள்ளே வளைகிற இடம். புள்ளி போட்டேன். விசையைக் கூட்டி உயரே ஏறினேன். வானொலி உயிர்பெற்றது, வடக்குப் பாதியில் பறந்த மணிக்கூட்டாரின் குரல் வந்தது. என் பெயரைக் கேட்கவில்லை, கண்டாயா என்றும் கேட்கவில்லை. நேரம் என்ன? சொன்னேன். திசை என்ன? சொன்னேன். எரிபொருள் எவ்வளவு? சொன்னேன். பிறகு கேட்டார்: எங்கே?

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், நான் சரி என்றேன். அதற்குப் பிறகு, என்னோடு பறந்த காலம் முழுவதும் சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னார். "நல்லது."

முகாமில் இறங்கி ஓடுபாதையை விட்டு விலகும்போதே எந்திரம் தானாக நின்றது. இழுத்துத்தான் கொண்டுபோனார்கள். மணிக்கூட்டார் படகு அதற்குள் எவ்வளவு தூரம் ஒதுங்கியிருக்கும் என்று காற்றை வைத்துக் கணக்குப் போட்டு, திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கடற்படைக் கப்பலுக்கு அறிவித்தார். பொழுது சாய முன் கப்பல் அவர்களைக் கண்டெடுத்தது. இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

லீவு எடுத்துக்கொண்டு முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குப் போனேன். இராமையா படுக்கையிலிருந்து எழும்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அண்ணை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"கண்டனியோ, காணேல்லையோ?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார்.

"கண்டனான் அண்ணை."

"கண்டிட்டுத்தான் போனனியோ?"

கோட்டையும் காற்றையும் கணக்கையும் விளங்கப்படுத்தினேன். முழுவதையும் கேட்டார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். வெயிலில் உதடு வெடித்திருந்தது.

"உன்ர கணக்குச் சரி. அதாலதான் நான் இதில படுத்திருக்கிறன். ஆனா நீ போன பிறகு அங்க என்ன நடந்ததெண்டு உனக்குத் தெரியுமே? நான் விட்டிட்டன்ரா. துடுப்பைக் கீழ போட்டிட்டன். ஒரு சுத்து, தம்பி. ஒரு சுத்துத்தானே கேட்டனான்."

துடுப்பைத் திரும்ப எடுத்தது இராமையாவாம். நீந்தத் தெரியாத மனிதர், அதுவரை பயத்தில் ஒடுங்கிக் கிடந்தவர், சாரத்தைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அது ஆள் கூட்டியாரத்தான் போவுதுண்ணே, இல்லாட்டி இம்புட்டு நேரா ஏன் போவுது?" என்றாராம். அண்ணை அதை நம்பவில்லை. நம்பாமல், என்னைத் திட்டத் தொடங்கினார். கப்பல் வரும்வரை வாய் ஓயாமல் திட்டினாராம். கடற்படைக்காரர் கயிறு எறிந்தபோதும் அவர் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார் என்று இராமையா சொன்னார்.

அதற்குப் பிறகு அது ஊர்க் கதையாகிவிட்டது. கலியாண வீடு, பெருநாள், செத்தவீடு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அண்ணை தொடங்குவார். கையை விரித்து விமானம் போல் நீட்டி, விறைத்த கழுத்தோடு, ஒருபக்கமும் பாராமல் நடந்து காட்டுவார். "இப்பிடித்தான் போனவன் என்ர தம்பி. கடன்காரனைக் கண்டவன் மாதிரி." சபை விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு இடம் நோகும். அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் சொல்லுவார். அந்த ஒரு சுற்றை அவர் எனக்கு மன்னிக்கவில்லை.

சில வருடங்களில் நாட்டின் போக்கு மாறியது. முகாமில் என்னோடு சாப்பிட்டவர்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்தத் தொடங்கினார்கள். எங்கள் ஊர்களுக்கு மேலேயே குண்டோடு பறக்கச் சொல்லி ஒருநாள் எனக்குக் கட்டளை வரும், அதற்கு முன் போய்விடவேண்டும் என்று முடிவெடுத்தேன். மணிக்கூட்டாரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. கைகொடுத்தார், கொஞ்சம் கூடுதலாக நேரம் பிடித்திருந்தார். நான் கிளிநொச்சிக்கு வந்து பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தேன்.

போர் வந்தது. மற்றவர்களுக்கு நடந்ததெல்லாம் எங்களுக்கும் நடந்தது. பரந்தனில் ஒரு உறவினரின் வீட்டு வளவில் நானும் அண்ணையும் இடம்பெயர்ந்து இருந்த காலம். ஒருநாள் காலை அந்தச் சத்தம் வந்தது. எல்லோரும் பதுங்குகுழிக்குள் இறங்கினோம். மற்றவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். நான் கவிழ்க்கவில்லை, காது என் பேச்சைக் கேளாமல் கணக்கெடுத்தது. உயரம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, இப்போது திருப்புகிறான், கண்டுவிட்டான். குழியின் வாயால் அண்ணையும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் எங்களுக்கு மேலே சுற்றியது. ஒரு முழுச் சுற்று, ஆறுதலாக, அவசரமே இல்லாமல், வடிவாக. பிறகு மூக்கைக் குத்தி இறங்கியது. பக்கத்து வளவு போனது. அங்கே இருந்தவர்களைப் பற்றி இங்கே எழுத எனக்கு வலுவில்லை.

புழுதி அடங்கி நாங்கள் வெளியே வந்தோம். அண்ணையின் தலைமயிரெல்லாம் மண். என் தோளில் கையை வைத்தார்.

"தம்பி, நீ அண்டைக்குச் சுத்தாமல் போனது நல்லது. இனி அந்தக் கதை கதைக்க மாட்டன்."

சொன்னபடியே இருந்தார். அண்ணைக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கலியாண வீடுகளில் பழைய ஆட்கள் அந்த விமான நடையை நடந்து காட்டச் சொல்லிக் கேட்பார்கள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார். இராமையாவின் பேரப்பிள்ளைகள்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். என்னை மன்னித்ததால் அவர் அந்தக் கதையை நிறுத்தினார் என்று நினைக்கத்தான் எனக்கும் விருப்பம். அது அப்படியல்ல. மேலே ஒரு விமானம் சுற்றினால் அது தம்பிதான் என்று ஆசையோடு அண்ணாந்து பார்த்த மனிதர் அன்றைக்குப் பரந்தனில் இல்லாமல் போனார். அந்த ஆசையை அவரிடமிருந்து எடுத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. சாகும்வரை இருக்கும்.

ஆகவே அவர் சொல்ல மறுக்கிற கதையை நானே எழுதிவிட்டேன். அவர் இதை எழுத்தெழுத்தாக வாசிப்பார், எனக்குத் தெரியும். பிழை இருந்தால் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டட்டும். வாய் ஓயும்வரை திட்டட்டும். அதைக் கேட்க எனக்கு எவ்வளவோ ஆசையாக இருக்கிறது.